ஸ்கேன் பக்கங்களும் சில சந்தேகங்களும்: வாசகர் கேள்வி-பதில்

பழைய நூல்கள், பத்திரிகைகள், அரசு ஆவணங்கள் இவையெல்லாம் இணையத்தில் ஏறியிருக்கின்றன, இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஆய்விலும் வகுப்பறையிலும் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

முனைவர் பட்ட ஆய்வாளர், பாளையங்கோட்டை: தாது வருஷப் பஞ்சம் பற்றி ஆய்வு செய்கிறேன். மின்னூலகத் தளங்களில் 'பஞ்சம்' என்று போட்டுத் தேடினால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறது. 1876-78 காலத்துக்குத் தமிழில் சான்றுகள் அவ்வளவுதானா? தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தலைப்பை மாற்றாதீர்கள். முதலில் அந்தத் தேடல் பெட்டி எதைத் தேடுகிறது என்று பாருங்கள். தமிழ் மின்னூலகங்களில் பெரும்பாலும் அது நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் வகை என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியலை மட்டும்தான் தேடுகிறது, உள்ளே இருக்கும் 200 பக்கங்களை அது பார்ப்பதே இல்லை. நூலின் பெயரில் 'பஞ்சம்' இல்லையென்றால் 40 பக்கம் பஞ்சத்தைப் பற்றியே எழுதியிருந்தாலும் உங்களுக்கு வராது. உள்பக்கங்களையும் தேடும் தளங்களில் வேறு சிக்கல். அங்கே ஓ.சி.ஆர் மென்பொருள் படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றியிருக்கும், அதற்குப் பழைய அச்சு பிடிபடாது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வந்த ணை, லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களிலேயே அது தடுக்கி விழும். 19-ஆம் நூற்றாண்டு அச்சில் சொற்களைப் பிரிக்காமல் சேர்த்து ஓட்டுவார்கள் வேறு. 'பஞ்சத்தினாலிறந்துபோன' என்று ஒரே சரமாக இருப்பதை 'பஞ்சம்' என்ற தேடல் எப்படிப் பிடிக்கும்?

அப்புறம் சொற்கள். அந்தக் காலத்து ஆட்கள் பஞ்சம் என்று மட்டுமா எழுதினார்கள்? க்ஷாமம், ஷாமம், கருப்பு, கரிப்பு, வற்கடம் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அரசாங்கத்துக்குத் துரைத்தனம், சர்க்கார். காலராவுக்கு வாந்திபேதி. மாவட்டத்துக்கு ஜில்லா. ஆங்கில ஆவணங்களில் உங்கள் ஊர் டின்னவெல்லி, மதுரை மதுரா, தஞ்சாவூர் டாஞ்சூர், திருச்சி டிரிச்சினாபோலி. இப்படி ஒரு சொற்பட்டியலை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, படிக்கப் படிக்க அதில் சேர்த்துக்கொண்டே போங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வின்சுலோ, ஃபாப்ரிசியுஸ் அகராதிகள் எல்லாம் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. ஒரு சொல்லுக்கு அன்று இருந்த மாற்றுச் சொற்களைத் தேட இவை பெரிய துணை.

இன்னொன்று, தேடுவதை நிறுத்திவிட்டுப் புரட்டுங்கள். இதைத்தான் நான் எல்லா ஆய்வு மாணவர்களிடமும் மன்றாடிக் கேட்கிறேன். பஞ்சத்துக்குச் சொல்லால் தேடக்கூடிய பக்கங்கள் குறைவு, ஆண்டால் புரட்டக்கூடிய பக்கங்கள் ஏராளம். வில்லியம் டிக்பி 1878-ல் வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச வரலாறு, 1880-ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1879-ன் திருநெல்வேலி ஜில்லா மேனுவல், 1883-ன் சேலம் மேனுவல், 1871 மற்றும் 1881 சென்சஸ் என எல்லாம் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. பஞ்ச நிலைமையைப் பார்க்க இந்திய அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்ததும், சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் குறைந்தது ஒன்றரை பவுண்டு இல்லாமல் உடல் தாங்காது என்று சண்டை போட்டதும் பெரிய கதை. அந்த விவாதத்தை 'பஞ்சம்' என்ற சொல்லை வைத்துப் பிடிக்க முடியாது, கூலி, படி, எடை என்று போனால்தான் கிடைக்கும். சென்சஸ் அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1871-க்கும் 1881-க்கும் நடுவில் சென்னை மாகாணத்தின் ஜனத்தொகை ஏறவே இல்லை. ஜில்லா வாரியாகப் பார்த்தால் எங்கே இடி விழுந்தது என்று தெரியும்.

நீங்கள் பாளையங்கோட்டையில் இருப்பதால் சொல்கிறேன், மிஷன் பத்திரிகைகளையும் மிஷனரிகள் எழுதிய கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்த வருஷங்களில் கால்டுவெல் இடையன்குடியில் இருந்தார். அரசாங்க அறிக்கையில் எண்ணாக வருகிற ஆட்கள் மிஷன் கடிதங்களில் சில சமயம் பெயரோடு வருவார்கள். மிஷனரிகளுக்கும் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு என்பதையும் மறக்காமல் படியுங்கள்.

கல்லூரி ஆசிரியர், கும்பகோணம்: ஒரே நூலுக்கு ஒரு தளம் 1889 என்கிறது, இன்னொரு தளம் 1949 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம், தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே 'விரோதி வருஷம்' என்று போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நம் 60 ஆண்டுச் சுழற்சியில் விரோதி 1889-90-லும் வரும், 1949-50-லும் வரும். பட்டியல் போட்டவர் எந்தச் சுற்று என்று ஊகித்திருப்பார். 60 ஆண்டு வித்தியாசம் வந்தாலே இதுதான் காரணமாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள். அச்சகத்தின் பெயர், விலை எந்த நாணயத்தில் இருக்கிறது, எழுத்து வடிவம், முகவுரையில் யாரை 'காலஞ்சென்ற' என்கிறார்கள், பின் அட்டை விளம்பரத்தில் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று பார்த்தால் சுற்று எதுவென்று பெரும்பாலும் முடிவாகிவிடும்.

வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி ஆண்டு வரும். அது ஜூலையில் தொடங்குவதால் 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை, அதாவது மேலே கேட்டவரின் பஞ்ச ஆண்டு. தெற்கே போனால் கொல்லம் ஆண்டு, அதற்கு 825 (மாதத்தைப் பொறுத்து 824). சாலிவாகன சகத்துக்கு 78. இஸ்லாமியத் தமிழ் நூல்களில் ஹிஜ்ரி இருக்கும், அது சந்திர ஆண்டு, இப்படி நேராகக் கூட்டிவிட முடியாது, மாற்று அட்டவணை வேண்டும். மாணவர்களுக்கு இந்தக் கணக்கை ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள். ஆய்வு முறையியல் தாளில் இது எங்கேயும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, ஆரணி அருகே: சமூக அறிவியல் வகுப்பில் இந்த ஆவணங்களைக் காட்ட ஆசை. 40 நிமிடப் பாடவேளை, 50 பிள்ளைகள், வகுப்பில் இணையம் இல்லை. ஆங்கில ஆவணம் என்றால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். சாத்தியமா?

சாத்தியம். உங்கள் ஊருக்கே பொருத்தமான ஓர் ஆவணமும் இருக்கிறது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் உள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது. 342 பேர். நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள்தான். 1911-ல் அது நிற்கும் வரை 1 லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து நட்டாலுக்குப் போனார்கள், சுமார் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் உண்டு. பதிவு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளக் குறி என்று வரிசையாகக் கட்டங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். வட ஆற்காடு என்றால் உங்கள் பிள்ளைகளின் ஊர்ப்பக்கம்தான்.

வீட்டிலேயே ஒரு பட்டியலிலிருந்து வட ஆற்காட்டு ஆட்கள் உள்ள 20 வரிகளை எடுத்துத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். கட்டத் தலைப்புகளை மட்டும் தமிழில் எழுதிவிடுங்கள், பெயர்களை ஆங்கிலத்திலேயே விடுங்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். பாடம் எதுவும் நடத்தாமல் 'இவர்கள் யார், என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டதைக் கேட்டபடி குமாஸ்தா ஆங்கிலத்தில் கிறுக்கியதை நம் பிள்ளைகள் காதால் கண்டுபிடிப்பார்கள், இது முனுசாமி, இது வீரம்மா என்று. ஆங்கிலம் தெரியாது என்று குனிகிற பிள்ளைதான் ஊர்ப்பெயரை முதலில் பிடிக்கும், ஏனென்றால் அங்கே தேவைப்படுவது ஊரைத் தெரிந்திருப்பது. யார் தனியாகப் போகிறார்கள், யார் குடும்பத்தோடு போகிறார்கள், எத்தனை குழந்தைகள், வயது 20, 25, 30 என்று முழு எண்ணாகவே நிறைய வருகிறதே ஏன், இதெல்லாம் அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.

கடைசி பத்து நிமிடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டியலை எழுதியவர் எதற்காக எழுதினார்? அடையாளக் குறி எதற்கு? ஓடிப்போனால் பிடிப்பதற்கு. இந்த ஒரு விஷயம் பிள்ளைகளுக்குப் புரிந்தால் காலனிய ஆவணம் என்றால் என்னவென்று புரிந்துவிட்டது என்று அர்த்தம். நேரம் இருந்தால் தென்னாப்பிரிக்கப் பெயர்களைச் சொல்லுங்கள். அங்கே கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது, படையாச்சி அப்படியே குடும்பப் பெயராக நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. சாதிக் கட்டத்தைத் தாளில் விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் வகுப்பைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மறைத்தால் மறைத்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பஞ்ச காலத்துப் புகைப்படங்களைக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹூப்பர் எடுத்த அந்த எலும்பும் தோலுமான படங்களை நான் பள்ளியில் காட்ட மாட்டேன். அந்த மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து, நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பேச நேரமில்லாத வகுப்பில் அதைத் திரையில் போடுவது அவர்களை இரண்டாம் முறை காட்சிப்பொருள் ஆக்குவதுதான்.

முதுகலை மாணவர், மட்டக்களப்பு: எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய இதழ்கள் மிகக் குறைவு. முழுக்க முழுக்க 'நூலகம்' தளத்தை நம்பித்தான் ஆய்வேடு எழுதுகிறேன். இது குறையாகக் கருதப்படுமா?

குறை என்று எவராவது சொன்னால் அவர்களுக்கு 1981-ஐ நினைவுபடுத்துங்கள். அந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை சுமார் 97 ஆயிரம் நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும். 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் தளம் வீடு வீடாக, சங்கம் சங்கமாகத் தேடிச் சேர்த்த பிரதிகளைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள். பிரதேச மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், நினைவு மலர்கள், சிற்றிதழ்கள் போன்றவற்றைப் பெரிய நூலகங்கள் சேர்த்ததே இல்லை. சில விஷயங்களில் அச்சு நூலகத்தைவிட உங்களுக்கு அது வளமானது.

ஆனால் ஒன்றை ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். எந்த இதழின் எந்தெந்த மாத இதழ்கள் தளத்தில் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று ஒரு பத்தி. 1962 முதல் 1970 வரை ஓர் இதழில் பெண் எழுத்தாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், 1967-ல் மூன்று இதழ்கள்தான் ஸ்கேன் ஆகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா? இப்படி ஒரு பத்தி எழுதியிருக்கும் ஆய்வேட்டைக் கண்டால் தேர்வாளருக்கு நம்பிக்கை வரும். எழுதாவிட்டால் வைவாவில் அதைத்தான் கேட்பார்கள்.

பதிவிறக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலால் அதன் மின்னாவணங்கள் மாதக்கணக்கில் கிடைக்காமல் போயின. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்காக அவர்கள் 2004-லிருந்து நடத்திவரும் திட்டத்தில் நம் ஊர்களில் ஸ்கேன் செய்தவையும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு அக்டோபரில் இண்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. சரியாக அந்த வாரம் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கோப்புக்கு 'ஸ்கேன்1' என்று பெயர் வைக்காமல் இதழ் பெயர், ஆண்டு, மாதம், எடுத்த தளம், எடுத்த தேதி என்று வையுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வாளர், சென்னை: டச்சு ஆவணங்களைப் படிக்க வேண்டிய ஆய்வு என்னுடையது. இப்போது செயற்கை நுண்ணறிவே பழைய கையெழுத்தைப் படித்துத் தருகிறது, மொழிபெயர்த்தும் தருகிறது. அதை வைத்தே எழுதலாமா? என் நெறியாளர் கூடாது என்கிறார்.

நெறியாளர் சொல்வதில் பாதி சரி. நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கையெழுத்தறி மென்பொருளால் எழுத்தாக்கி, குளோபலைஸ் என்ற திட்டத்தின் கீழ் எல்லோரும் தேடும்படி வைத்திருக்கிறார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் கையில் வந்த நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும், தூத்துக்குடியின் முத்துக்குளிப்பும் அதற்குள் இருக்கின்றன. முன்பு ஹேக் நகரத்துக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்தால்தான் எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும், இன்று சென்னையில் இருந்துகொண்டே நாகப்பட்டினம் வரும் பக்கங்களைத் தேடி எடுக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கதவு! கூடாது என்று அதைச் சாத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் தேடுவதற்கு அது போதும், மேற்கோள் காட்டுவதற்குப் போதாது. அந்த மென்பொருள் அதிகம் தவறுவது எங்கே தெரியுமா? பெயர்களிலும் எண்களிலும். டச்சுக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிய தமிழ்ப் பெயரை, தமிழே தெரியாத மென்பொருள் இன்னொரு தடவை ஊகிக்கிறது. உங்களுக்கு வேண்டியவை அந்தப் பெயர்களும் எண்களும்தானே. அதனால் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரியையும் மூலப் படத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டு டச்சு எழுத்தைப் படிக்க ஆறு மாதம் செலவழித்தாவது கற்றுக்கொள்ளுங்கள், ஆய்வு முழுக்க அது கைகொடுக்கும். உரையாடும் செயலிகளிடம் படத்தைக் கொடுத்தால் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லாமல் சரளமாக ஒரு வாக்கியத்தை எழுதி நிரப்பிவிடும் ஆபத்தும் உண்டு, மோசமான ஓ.சி.ஆரைவிட இது கண்டுபிடிக்கக் கஷ்டம். ஓ.சி.ஆர் தவறினால் குப்பையாகத் தெரியும், இது தவறினால் அழகான வாக்கியமாக நிற்கும்.

ஆய்வாளர், புதுச்சேரி: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலத் தொகுதிகள் 12-ம் இணையத்தில் கிடைக்கின்றன, சொல் போட்டுத் தேடவும் முடிகிறது. தமிழ்ப் பதிப்பைப் பார்க்காமல் எழுதினால் தவறா?

தமிழில் எழுதப்பட்ட நாட்குறிப்பைத் தமிழ் ஆய்வாளர் ஒருவர் ஆங்கிலத்தில் மட்டும் படித்து எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆங்கிலத் தொகுதிகள் 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் வெளியிட்டவை. பிள்ளை எழுதியதோ 1736-லிருந்து 1761 வரை. நடுவில் பிரதி எடுத்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், பதிப்பாசிரியர்கள் என்று எத்தனை கைகள்! ஆங்கிலத்தை ஒரு பெரிய சொல்லடைவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தேதியைக் கண்டுபிடியுங்கள், அந்தத் தேதிக்குத் தமிழ்ப் பதிப்புக்குப் போங்கள். பிள்ளையின் பேச்சுநடையில்தான் அவர் யாருக்குப் பணிந்து பேசினார், யாரை அலட்சியமாகச் சொன்னார் என்பது தெரியும், அவன் என்றாரா அவர் என்றாரா என்பது ஆங்கிலத்தில் வராது. வரலாற்றுக்கு அது முக்கியமான சான்று.

விரிவுரையாளர், கோவை: மின்னூலகத்தில் எடுத்த நூல் பக்கங்களை மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து, அதற்கடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1964-ல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு அதற்கும் காத்திருக்க வேண்டாம். இலங்கையில் 70 ஆண்டு என்பதால் அங்குள்ள நண்பர்கள் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். உரிமை உள்ள நூல் என்றாலும் பாடம் நடத்துவதற்காகப் பகுதிகளைப் பிரதியெடுத்துக் கொடுப்பதை நம் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-ல் டெல்லி உயர்நீதிமன்றம் இதை ஆசிரியர்கள் பக்கமாகவே விளக்கியது. வகுப்புக்குள் கொடுப்பது வேறு, முழு நூலையும் பொதுக் குழுவில் போட்டுவிடுவது வேறு. குழுவில் முழு பிடிஎஃப் போடுவதைவிட மூலத் தளத்தின் லிங்க்கைக் கொடுப்பது நல்லது. மாணவர் அந்தத் தளத்துக்குப் போனால் பக்கத்தில் இருக்கும் நாலு நூல்களையும் பார்ப்பார்.

ஆய்வு மாணவி, மதுரை: ஸ்கேனில் எல்லாமே தெளிவாகத் தெரியும்போது எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கு நேரில் போகத்தான் வேண்டுமா? தங்குவதற்கு, பயணத்துக்கு எல்லாம் செலவு என்னால் முடியவில்லை.

உங்கள் பணக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை. நூல், அறிக்கை, சென்சஸ் மாதிரி அச்சானவற்றுக்கு ஸ்கேன் போதும், அதற்காக ரயில் ஏறாதீர்கள். கையெழுத்துக் கோப்புகளுக்குத்தான் போக வேண்டிவரும். மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளை ஸ்கேன் என்றால் சிவப்பு மையில் எழுதிய குறிப்பும் பென்சிலில் எழுதிய குறிப்பும் ஒன்றுபோலத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. எது எந்த அதிகாரி எழுதியது என்று அந்த மையை வைத்துத்தான் சொல்ல முடியும். மடித்து ஒட்டிய வரைபடத்தை மடித்தபடியே ஸ்கேன் செய்திருப்பார்கள். பின்பக்கத்தை வெற்றுப் பக்கம் என்று விட்டிருப்பார்கள், ஆனால் அங்கேதான் கடிதம் வந்த தேதியும் அடுத்து யாருக்குப் போனது என்பதும் எழுதியிருக்கும். ஒரு கோப்பில் ஸ்கேன் ஆன கடிதம் ஒன்றாக இருக்கும், ஆகாத இணைப்புகள் பத்தாக இருக்கும்.

அதனால் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் முடித்து, நேரில்தான் தீர்க்க முடியும் என்ற கேள்விகளை மட்டும் கோப்பு எண், அரசாணை எண், தேதியோடு எழுதிக்கொண்டு ஒரே தடவையாகப் போங்கள். துறையிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கி, அனுமதி நடைமுறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பில் நீங்கள் பார்த்தது எதுவோ அதையே எழுதுங்கள். ஸ்கேன் பார்த்தால் மூல ஆவணத்தின் எண்ணும், பார்த்த தளமும், தேதியும். நேரில் பார்த்தால் காப்பகத்தின் பெயர். ஸ்கேனைப் பார்த்துவிட்டு நேரில் பார்த்த மாதிரி எழுதும் பழக்கம் பரவிவருகிறது, தயவுசெய்து அதில் சேராதீர்கள்.

வாசகர், தேவகோட்டை: ஆய்வாளர் இல்லை நான். எங்கள் பழைய வீட்டில் பர்மா காலத்துக் கணக்கேடுகள், கடிதங்கள், கொஞ்சம் ஓலைச்சுவடி, ஒரு பெட்டி நிறைய நோட்டீஸ்கள் இருக்கின்றன. வீட்டை விற்கப்போகிறோம். யாருக்காவது பயன்படுமா, அல்லது எடைக்குப் போட்டுவிடலாமா?

எடைக்குப் போட்டுவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்து, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாறு பற்றி எழுதுகிற எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. உங்கள் பெட்டியில் இருக்கும் பர்மாக் கணக்கேடு வட்டிக்கடை வரலாறு எழுதுபவருக்குப் பொக்கிஷம்.

யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், முதலில் எதையும் பிரிக்காமல், அடுக்கை மாற்றாமல் இருக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்தக் கட்டில் இருந்தது என்பதே ஒரு சான்று. எந்த அறை, எந்தப் பெட்டி, யாருடையது, எந்த ஊர்க் கடை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஏட்டுக்கட்டின் கயிற்றை அவிழ்க்காதீர்கள், நீங்களாக எண்ணெய் தடவாதீர்கள். பூச்சி மருந்தும் அடிக்க வேண்டாம். ஃபோனில் எடுப்பதென்றால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, அட்டையும் வெற்றுப் பக்கங்களும் உட்பட வரிசையாக எடுங்கள். அந்தப் படங்களோடு ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கோ எழுதுங்கள். சுவடிகளுக்குச் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இருக்கிறது. ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருவார்களா, வைத்துக்கொள்வார்களா, பொதுமக்கள் பார்க்க இணையத்தில் போடுவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதங்களில் குடும்ப விஷயம் இருந்தால் எதை இத்தனை ஆண்டுக்கு வெளியிட வேண்டாம் என்று நிபந்தனை போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. வீடு கைமாறும் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. நெருங்கிவிட்டதென்றால் பெட்டியை மட்டும் முதலில் ஈரம் இல்லாத ஓர் உறவினர் வீட்டு அறைக்கு அப்படியே தூக்கி வைத்துவிடுங்கள், மற்றதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.